q ஒன்றைத் தாண்டினால்

ஆய்வு வழிகாட்டி என்று பல்கலைக்கழகம் உங்களுக்குக் கடிதம் அனுப்பிவிட்டது. வாழ்த்துகள். இனி உங்கள் அறைக்கு வெளியே யாராவது ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். அவருடைய நாலைந்து வருட வாழ்க்கை உங்கள் மேசை டிராயரில் கிடக்கும். படிவங்களை எப்படி நிரப்புவது என்று அலுவலகத்தில் சொல்லிக்கொடுப்பார்கள், அதற்கு நான் தேவையில்லை. "உங்க சாதனைகளைப் பத்தி எழுதுங்க சார்" என்று துறையில் கேட்டார்கள். சாதனைகளை ஓய்வு பெற்ற நாளில் போர்த்திய பொன்னாடையோடு சேர்த்து மடித்து வைத்தாயிற்று. நான் ஒரே ஒரு வாரத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டு என் மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதை குறைந்தால் குறையட்டும்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் நம் கல்லூரி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எந்த ஜன்னலைத் திறந்தாலும் ஏதாவது ஒரு கம்பெனியின் மதில் தெரியும். இங்கே கணிதத் துறை என்றால் முதல் இரண்டு வருடத்தில் எப்படியாவது தேறித் தொலைக்க வேண்டிய பாடம், அவ்வளவுதான். "சார், இத இண்டர்வியூல கேப்பாங்களா?" என்று வருடம் தவறாமல் ஒரு பையன் எழுந்து கேட்பான். "கேக்க மாட்டாங்க, உக்காரு" என்று நானும் வருடம் தவறாமல் சொல்வேன். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டுதான் நான் செங்குத்துப் பல்லுறுப்புக்கோவைகளில் ஆராய்ச்சி செய்தேன்.

உங்களில் பாதிப் பேர் வேறு பிரிவு என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூச்சியம் படி, ஒன்றாம் படி, இரண்டாம் படி என்று கோவைகள் வரிசையாக, முடிவில்லாமல் நிற்கும். அதுதான் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்கென்று ஓர் எடை உண்டு, அதாவது சில புள்ளிகளில் இவ்வளவு இவ்வளவு என்று வைத்த எண்கள். அந்த எடையை வைத்து எந்த இரண்டு வேறு வேறு கோவைகளைப் பெருக்கிக் கூட்டினாலும் விடை பூச்சியம் வரும். ஒவ்வொரு கோவையையும் அதற்கு முந்தைய இரண்டிலிருந்து கட்டிவிடலாம், அதற்கு இரண்டு எண்வரிசைகள் போதும். அந்த இரண்டு வரிசைகள்தான் குடும்பத்தின் கைரேகை. என் பிரிவு q-நுண்கணிதம். அதில் எல்லைக்கெல்லாம் போவதில்லை. ஒரு புள்ளியையும் அதை q என்ற ஓர் எண்ணால் பெருக்கிய இன்னொரு புள்ளியையும் ஒப்பிட்டே காரியத்தை முடித்துவிடுவார்கள். q ஒன்றை நெருங்கினால் நாம் பள்ளியில் படித்த கணக்கு திரும்பி வந்துவிடும். இந்த q-உலகத்தில் குடும்பங்கள் ஏராளம். எதற்கு எது உறவு, எது எதன் எல்லை வடிவம் என்று முன்னோடிகள் பெரிய பட்டியல் ஒன்று போட்டு வைத்திருக்கிறார்கள். அது என் அறைச் சுவரில் ஒட்டியிருந்தது.

யாராவது புதுக் குடும்பம் கண்டுபிடித்தேன் என்று வந்தால், அது அந்தப் பட்டியலில் வேறு வேஷத்தில் ஏற்கனவே நிற்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் முதல் வேலை. மாறியை நீட்டினால், சுருக்கினால், கொஞ்சம் தள்ளி வைத்தால் கைரேகை வேறு மாதிரி காட்டும், ஆனால் ஆள் அதே ஆள்தான். இந்தத் தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. கட்டுரையின் முதல் பக்கத்திலேயே, "இக்கட்டுரை முழுவதும் q என்பது பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்டது" என்று ஒரு வரி எழுதிவிடுவோம். தொடர்கள் ஒழுங்காகக் குவிய வேண்டுமே என்பதற்காக. பிள்ளையார் சுழி போடுவது மாதிரி போட்டுவிட்டு, பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவே மாட்டோம். என் வழிகாட்டி எழுதினார், நான் எழுதினேன், என்னிடம் வந்தவர்களும் எழுதினார்கள்.

ஜெசிந்தா என்னிடம் ஆய்வுக்குச் சேர்ந்தபோது நம் துறையில் பல வருடம் பாடம் நடத்தியிருந்தார். வீடு ஸ்ரீபெரும்புதூரில். கணவர் அருள் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஜெசிந்தா கல்லூரிப் பேருந்தில் தாள் திருத்திக்கொண்டே வருவார், மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே கணக்குப் போடுவார். முதல் வருடம், இவர் தாங்குவாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. மூன்றாவது வருடம், நான் தாங்குவேனா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அத்தனை கேள்வி கேட்பார்.

ஆய்வேட்டின் நான்காம் இயலில் அவர் ஒரு குடும்பத்தைக் கட்டியிருந்தார். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றோடும் நீட்டி, சுருக்கி, நகர்த்தி ஒப்பிட்டோம். எதோடும் பொருந்தவில்லை. ஆய்வேட்டின் தலைப்பிலேயே "ஒரு புதிய குடும்பம்" என்று போட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம், அந்த இயல் ஜர்னலில் கட்டுரையாகவும் வந்தது. வெளித் தேர்வாளர்கள் இருவரும் அந்த இயலைத்தான் தூக்கிப் பிடித்து அறிக்கை எழுதியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் வந்து நடத்தும் வாய்மொழித் தேர்வு மட்டும் பாக்கி. அதுவும் ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை என்று முடிவாகிவிட்டது.

அந்த வருடம் நிர்வாகம் ஒரு கடிதம் கொடுத்திருந்தது. மே மாத முடிவுக்குள் முனைவர் பட்டச் சான்றிதழைக் காட்டாதவர்கள் ஜூனிலிருந்து வரத் தேவையில்லை என்று நேராகவே எழுதியிருந்தார்கள். துறையில் அந்தக் கடிதம் வந்தது ஜெசிந்தாவுக்கு மட்டும்தான். தேர்வாளர் வியாழக்கிழமை எந்த நிபந்தனையும் இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால், மாதக் கடைசியில் கூடும் பல்கலைக்கழகக் குழுவில் பெயர் வந்துவிடும், மே நடுவில் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். அந்தக் கூட்டம் தவறினால் அடுத்தது கோடை விடுமுறை கழிந்து ஜூலையில்தான்.

திங்கட்கிழமை மதியம், தேர்வாளர் தங்குவதற்கு அறை பார்க்க நானும் அருளும் சுங்குவார்சத்திரம் போனோம். அங்கே லாட்ஜுகளில் எப்போதும் ஏதாவது ஒரு கம்பெனி ஆட்கள் மொத்தமாக எடுத்துத் தங்கியிருப்பார்கள். மூன்றாவது லாட்ஜில்தான் அறை கிடைத்தது. முன்பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். அருள் பேச்சுப் பிரியர்.

"சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இந்தக் கணக்கெல்லாம் இன்னான்னே தெரியாது. ஜெசி கண்டுபுடிச்சது புதுசுதான்னு எப்பிடி முடிவு பண்ணுவீங்க?"

"ஏற்கனவே இருக்கறது எல்லாத்தோடயும் ஒப்பிட்டுப் பாப்போம் அருள். அளவு மாத்தி, இடம் மாத்திப் பாத்தாச்சு. எதோடயும் சேரல."

"எங்க ஸ்டோர்ல இப்பிடித்தான் ஆச்சு சார். ஒரு பைப்பு. படிப்படியா சிறுத்துகினே போவும். ரெண்டு சப்ளையர் அனுப்பறான், ரெண்டு நம்பரு போட்டு ரெண்டு ரேக்குல வெச்சிகினு இருந்தோம். இன்ச்சு, மில்லி எல்லாம் மாத்திப் பாத்தோம், சேரவே இல்ல. கடசில பாத்தா ஒருத்தன் பெருத்த பக்கத்துலேர்ந்து அளந்து டிராயிங் போட்டு கீறான், இன்னொருத்தன் சிறுத்த பக்கத்துலேர்ந்து அளந்து கீறான். இதுல சிறுத்துகினே போவுது, அதுல பெருத்துகினே போவுது. ஒரே பைப்பு சார்."

சிரித்தேன். டீயைக் குடித்தேன். பாதி டம்ளரில் சிரிப்பு நின்றுவிட்டது. அருள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், என் காதில் விழவில்லை. q-வின் அடுக்குகள் ஜெசிந்தாவின் வரிசைகளில் பெருத்துக்கொண்டே போகும். பட்டியலில் நாங்கள் ஒப்பிட்ட எல்லாமே சிறுத்துக்கொண்டே போகிறவை. q-வைத் தலைகீழாக்கி நாங்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஏன் பார்ப்போம்? q ஒன்றைத் தாண்டாது என்றுதான் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டோமே.

அருளை அனுப்பிவிட்டுப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, லாட்ஜ் ரசீதின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். பட்டியலில் ஒரு சாதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொண்டு, q வரும் இடத்திலெல்லாம் அதன் தலைகீழைப் போட்டேன். மாறியை ஒரு மாறிலியால் சுருக்கினேன். முதல் வரிசை பொருந்தியது. இரண்டாவது வரிசையில் ஒரு குறி தப்பியது. அப்பாடா என்று இருந்தது. பிறகு பார்த்தால் குறியை நான்தான் தப்பாக எழுதியிருந்தேன். திருத்தினால் அதுவும் பொருந்தியது. பஸ் மாற வேண்டிய ஸ்ரீபெரும்புதூர் வந்து கண்டக்டர் தோளைத் தட்டும்வரை இறங்கத் தோன்றவில்லை. புதிய குடும்பம் என்று ஒன்று இல்லவே இல்லை.

இன்னொரு விஷயமும் அங்கேயே நினைவுக்கு வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஜெசிந்தா தன் நோட்டைக் கொண்டுவந்து, "சார், q ஒன்றைத் தாண்டினால் என்னாகும்னு பாக்கலாமா?" என்று கேட்டார். எனக்கு அன்று ஏதோ கூட்டத்துக்கு அவசரம். நோட்டிலேயே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்: "தேவையில்லை. q < 1."

செவ்வாய்க்கிழமை என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். காலையில் துறைத் தலைவரிடம் போனேன். இப்போது இருப்பவர் இல்லை, அவருக்கு முன்னால் இருந்தவர். கதவைச் சாத்திவிட்டு ரசீதைக் காட்டினேன். அவர் நல்ல மனிதர். படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு ரிப்போர்ட்டும் பிரமாதமா வந்திருக்கு. தேர்வாளருக்கே தெரியல. நீங்க ஏன் சார் போய்க் கிளறணும்? வியாழன் முடியட்டும். பட்டம் வந்தப்புறம் ஜர்னலுக்கு ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பிட்டா போச்சு. அந்தப் பொண்ணு வேலையை நெனச்சுப் பாருங்க."

எனக்கு அது இதமாக இருந்தது. ஜெசிந்தாவுக்காகத்தான் சும்மா இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி கிடைத்துவிட்டது. உண்மையில் எனக்கு என் பெயரைப் பற்றித்தான் பயம். அந்த இயல் கட்டுரையாக வந்தபோது என் பெயரும் அதில் இருந்தது. ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது, q-வைத் தலைகீழாக்கிப் பார்க்கத் தெரியாத வாத்தியார் என்று பெயர் வாங்க எனக்கு மனமில்லை. வகுப்பு எடுத்தேன். அகமதிப்பெண்களை ஏற்றினேன். மூன்று மணிக்கு ஜெசிந்தா கதவருகே வந்து நின்றார்.

"சார், ஸ்லைடு அனுப்பியிருந்தேனே, பாத்தீங்களா?"

"பாத்தேன். நல்லா இருக்கு."

"நாலாவது சாப்டர் கொஞ்சம் நீளமோ?"

"இல்ல, இருக்கட்டும்."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று பூராவும் நான் செய்தது அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்கு முன் மறுபடி வந்தார். "சார், நாளைக்கு எங்க அம்மாவைக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். அவங்களுக்கு ஒண்ணும் புரியாது, ஆனா பாக்கணும்னு ஆசைப்படறாங்க. முன்னாடி உக்கார வைக்கலாமா, பின்னாடியா?" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவர் நின்றுகொண்டே படித்தார். ஜெசிந்தாவுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. மூன்றாவது வரி போகும்போதே முகம் மாறிவிட்டது. ரசீதைத் திருப்பி லாட்ஜ் பெயரைப் பார்த்தார், மறுபடி கணக்கைப் பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போய், பீரோவிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துவந்து, ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். என் சிவப்பு மை.

"நான் கேட்டேன் சார்."

"ஆமாம்."

"நீங்க எழுதிட்டீங்கன்னு நான் விட்டுட்டேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு." நோட்டை மூடிவிட்டு, "லெட்டர் உங்களுக்கு வரல சார், எனக்குத்தான் வந்திருக்கு" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவருடைய வகுப்புகளுக்கு வேறு இருவரை அனுப்பிவிட்டு, கணினி அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்தோம். நான்காம் இயலில் ஏதாவது மிஞ்சுமா என்பதுதான் கேள்வி. நான் வாய்ப்பாடுகளையே சுற்றிச் சுற்றி வந்தேன். எல்லாம் பட்டியலில் இருக்கிற சரக்கு, ஒன்றும் தேறவில்லை. மதியத்துக்குப் பிறகு ஜெசிந்தா திடீரென்று கேட்டார்.

"எடை சார்? நம்ம எடையும் அவங்க எடையும் ஒண்ணா?"

கோவைகள் ஒன்றாக இருந்தால் எடையும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று வாயெடுத்தேன், பாதியில் நிறுத்திக்கொண்டேன். q ஒன்றுக்குக் கீழே இருக்கும் குடும்பங்களில் நான் பழகிய வரைக்கும் அப்படித்தான். தாண்டிவிட்டால் அந்த உத்தரவாதம் கிடையாது. ஒரே குடும்பத்துக்குப் பல எடைகள் இருக்கலாம். அவர் தன்னுடைய எடையையும், தலைகீழாக்கிய பழைய குடும்பத்துக்குத் தெரிந்திருந்த எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிரல் ஓட்டினார். இரண்டும் வேறு வேறு புள்ளிகளில் உட்கார்ந்திருந்தன. இரண்டை வைத்தும் பெருக்கிக் கூட்டினால் பூச்சியம் வந்தது. பத்துப் பன்னிரண்டு கோவைகள் வரை போட்டுப் பார்த்தோம், எல்லாம் சரியாக வந்தன. நிரூபணமும் அவர் எழுதி வைத்திருந்ததில் பாதி அப்படியே நின்றது. குடும்பம் பழையது, எடை புதிது. சின்ன முடிவுதான், ஆனால் உண்மையான முடிவு, முழுக்க அவருடையது.

கடைசிக் கல்லூரிப் பேருந்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. தேர்வாளர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அதற்குள் ரயில் ஏறியிருப்பார். ஜெசிந்தா பழைய ஸ்லைடுகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படியே விடுவதா, மாற்றுவதா?

நான் பெரிய மனுஷத்தனமாக, "நீங்க எந்த முடிவு எடுத்தாலும் நான் உங்க பக்கம் நிப்பேன்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "ரெண்டுக்கும் நிப்பேன்னா எதுக்கும் நிக்க மாட்டேன்னு அர்த்தம் சார். கைட் நீங்க. என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க. அப்புறம் நான் முடிவு பண்றேன்."

நாற்பது வயதை நெருங்கும் ஒரு பெண் தன் வேலையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படிக் கேட்கும்போது மழுப்ப முடியாது. "சொல்லிடலாம். முதல் ஸ்லைட்லயே சொல்லிடுங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தலைப்பை அழித்தார்.

வியாழக்கிழமை காலை அருள் செங்கல்பட்டு போய்த் தேர்வாளரை ரயிலிலிருந்து அழைத்துவந்தார். கருத்தரங்கக் கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்தோம். ஜெசிந்தாவின் அம்மா முன்வரிசையில் ஜபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அருள் பெர்மிஷன் போட்டுவிட்டுக் கம்பெனிச் சட்டையோடு கதவோரம் நின்றார். ஜெசிந்தா எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு, "நான் சமர்ப்பித்த ஆய்வேட்டின் தலைப்பு தவறு" என்று ஆரம்பித்தார்.

துறைத் தலைவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஜெசிந்தா இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னார். q-வைத் தலைகீழாக்கினால் தன் குடும்பம் எந்தக் குடும்பமாகிறது, இயலில் எது விழுகிறது, எது நிற்கிறது, புதிய எடை எங்கே உட்காருகிறது என்று ஒன்றையும் மறைக்கவில்லை. குரல் இரண்டு இடத்தில் நடுங்கியது. அவருடைய எந்த வகுப்பிலும் நான் அவ்வளவு தெளிவைக் கேட்டதில்லை.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் இத பாக்காம விட்டுட்டேனம்மா. என் ரிப்போர்ட்ட நெனச்சா எனக்கே வெக்கமா இருக்கு" என்றார். பிறகு எடையைப் பற்றி அரைமணி நேரம் குடைந்து குடைந்து கேட்டார். ஜெசிந்தா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், ஒன்றுக்கு மட்டும் தெரியாது என்றார். தேர்வாளருக்குத் திருப்தி என்று முகத்தில் தெரிந்தது. எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இது எப்பம்மா தெரிஞ்சுது?"

"நேத்து காலையில சார்."

"கைடு சாருக்கு?"

நான் எழுந்தேன். "திங்கட்கிழமை மத்தியானம்."

"அப்பம் செவ்வாக்கெழம என்ன செஞ்சீங்க?"

பதில் ஒன்று தயாராக இருந்தது. சரிபார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம், யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். முன்வரிசையில் அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சும்மா இருந்தேன்" என்றேன். பிறகு நோட்டுச் சங்கதியையும் சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன்பே ஜெசிந்தா கேட்டார், நான்தான் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

தேர்வாளர் என்னைத் திட்டவில்லை. மிகவும் நிதானமாக, வருத்தத்தோடுதான் பேசினார்.

"நோட்டுல எழுதுனத விடுங்க சார். எல்லாருக்கும் நடக்கும், எனக்கும் நடந்திருக்கு. செவ்வாக்கெழமையே இவங்க கிட்ட சொல்லியிருந்தீங்கன்னா, நேத்து மத்தியானத்துக்குள்ள திருத்துன இயல எனக்கு அனுப்பியிருப்பாங்க. ரயில்ல வார வழியில உக்காந்து முழுசாப் படிச்சிருப்பேன்லா. இன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன். இப்பம் படிக்காத இயலுக்கு நான் எப்படி சார் கையெழுத்துப் போட முடியும்?"

ஏற்கனவே ஒரு தடவை கவனிக்காமல் விட்டவர் அவர். மறுபடி அதைச் செய்ய மாட்டார். அது நியாயம். திருத்திய ஆய்வேட்டைத் தேர்வாளர் மீண்டும் பார்த்த பிறகு பட்டம் வழங்கலாம் என்று எழுதினார். அது பல்கலைக்கழகம் வழியாகப் போய்வரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அறிக்கையில் பாராட்டாகவும் நாலு வரி இருந்தது. நான் நிர்வாகத்திடம் நடையாய் நடந்தேன், இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். "வெர்பலா ஒண்ணும் பண்ண முடியாது சார், சர்ட்டிபிகேட் இருக்கா?" என்றார்கள். மாதக் கடைசிக் கூட்டம் போனது. ஜூனில் பள்ளிக்கூடங்கள் திறந்த வாரம், துறை வருகைப் பதிவேட்டில் ஜெசிந்தாவின் பெயர் இல்லை. மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டிய வருடம் அது. அருள் கம்பெனியில் கூடுதல் நேரம் ஓ.டி. பார்த்தார். ஜெசிந்தா வீட்டிலேயே பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்தார்.

ஆகஸ்டில் ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது.

"சார், சர்ட்டிபிகேட் வந்துடுச்சு."

"ரொம்ப சந்தோஷம்மா. வேலை?"

"ரெண்டு காலேஜ்ல கேட்டிருக்கேன். பாக்கலாம்."

அவர் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. பின்னால் பிள்ளைகள் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நாலு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன். "ஜெசிந்தா, என்னை மன்னிச்சிடுங்க."

"நோட்டுல எழுதினதுக்கா சார்? அத நான் அன்னிக்கே மன்னிச்சிட்டேன். அது தெரியாம நடந்தது. நானும்தான் திரும்பிக் கேக்காம விட்டேன்."

யாரோ சந்தேகம் கேட்டு வந்தார்கள் போல, "இருடா, வரேன்" என்றுவிட்டுத் தொடர்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை நான் உங்க ரூம் வாசல்ல வந்து நின்னு கேட்டேன் சார். நல்லா இருக்குன்னு சொன்னீங்க. அதுக்கு எனக்கு இன்னும் மனசு வரல. வந்தா சொல்றேன். பசங்க காத்துகிட்டு இருக்காங்க, வச்சிடறேன்."

அவருக்கு இப்போது காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேலை. நன்றாக இருக்கிறார் என்று அருள் சொல்கிறார். எனக்கு இன்னும் அந்த போன் வரவில்லை.